வருஷச் சந்தாவும் விடுமுறை வீடும்

மலேசியாவின் பொந்தியான் கெச்சில் பட்டணத்தில் மளிகைக் கடைக்காரர்களுக்கும், லாரி வைத்துப் பிழைப்போருக்கும், செம்பனையும் அன்னாசியும் பயிரிடும் சிறு தோட்டக்காரர்களுக்கும் கணக்கெழுதிக் கொடுப்பதை ஜீவனமாகக் கொண்டவன் நான். வருமான வரிப் பாரங்களை ஒப்படைக்கும் காலமாகிய மார்ச் தொடங்கி ஜூன் முடியும் வரையில், என் வாடிக்கைக்காரர்கள் பிஸ்கட் டின்னிலும் பிளாஸ்டிக் பையிலும் ரசீதுகளை அடைத்துக்கொண்டு வந்து மேசைமேல் கொட்டுவார்கள். டீசல் ரசீது, டயர் ரசீது, உரக்கடை பில், வீட்டு வரி என்று அவற்றை இனம் பிரித்து அடுக்கிக்கொண்டு போகையில், எல்லாவற்றிலும் வேறாக, வழவழப்பான காகிதத்தில் கடற்கரையும் தென்னைமரமும் அச்சிட்ட ஒரு பில் இடையிலே தலைகாட்டும். "ஐயா, இதை வரியில் கழிக்க முடியுமா?" என்று கேட்பார்கள். சொந்தச் செலவைக் கழித்துக்கொள்ள 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை என்று நான் சொன்னதும், அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். கடையின் லாப நஷ்டத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் அந்தக் காகிதத்தைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அந்தப் பில்லில் அச்சான வரிகள் சொற்பமே. முந்தைய பாக்கி, நடப்பு வருஷத்துப் பராமரிப்புக் கட்டணம், தாமத வட்டி, அரசாங்க வரி, மொத்தம். அவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில், அங்கத்தினர் அந்த வருஷம் அனுபவித்த இரவுகள் எத்தனை என்று ஒரு கட்டம். மேலேயுள்ள தொகை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போக, கீழேயுள்ள கட்டத்தில் பூஜ்யம் மட்டும் மாறாமல் நிற்பதை எத்தனையோ பேருடைய காகிதங்களில் பார்த்திருக்கிறேன். விடுமுறை வீட்டுப் பங்கை வாங்கலாமா, வேண்டாமா என்ற தீர்மானம் இந்த இரண்டு எண்களையும் கொண்டே செய்யப்பட வேண்டும் என்பதும், விற்பவர் வாயால் சொல்லும் கிரயத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு செய்யப்படுவது தீர்மானமே ஆகாது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

டைம்ஷேர் என்று உலகமெங்கும் வழங்கும் இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. சுவிட்சர்லாந்தில் 1963-இல் ஹாப்பிமாக் என்னும் ஸ்தாபனம் விடுமுறை இல்லங்களைப் பலர் கூடி அனுபவிக்கும் முறையைத் தொடங்கிற்று. 1974-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆர்.சி.ஐ., ஓர் ஊரில் வாங்கிய வாரத்தை மற்றோர் ஊரில் மாற்றி அனுபவிக்கும் பரிவர்த்தனையை ஏற்படுத்திற்று. தமிழ்நாட்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1986-இல் ஸ்டெர்லிங் நிறுவனமும், 1996-இல் மஹிந்திராவின் விடுமுறை நிறுவனமும் எழுந்து, கொடைக்கானலையும் உதகமண்டலத்தையும் மத்தியதரக் குடும்பங்களுக்கு வாரக் கணக்கில் விற்றன. நம் மலேசியாவில் இவ்வகைத் திட்டங்கள் முன்பு 1965-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்துக்கும், 2017 ஜனவரி 31 முதல் 778-ஆம் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. மலேசிய நிறுவன ஆணையமாகிய எஸ்.எஸ்.எம். அவற்றைக் கண்காணிக்கிறது. அங்கத்தினர் நலனைக் காக்க ஒரு தர்மகர்த்தா நிறுவனமும், அதற்கென்று ஒரு தர்மகர்த்தா சாசனமும் இருந்தாக வேண்டும். வாங்குகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிலக் கிராண்டு அன்று. வருஷத்தில் இத்தனை நாள், இத்தனை வருஷ காலம், இன்ன வகை அறையில் தங்கலாம் என்ற அனுபோக பாத்தியதை மட்டுமே. அந்தப் பாத்தியதைக்கு ஒருமுறை கொடுப்பது கிரயம். அது உயிரோடிருக்கும் வரையில், போனாலும் போகாவிட்டாலும் கொடுத்துக்கொண்டிருப்பது வருஷச் சந்தா.

பொந்தியானில் சொந்தமாக மேசை போட்டு உட்காருவதற்கு முன்னர், ஜொகூர் பாருவில் அத்தகைய ஒரு கிளப்பின் கணக்குப் பிரிவில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கத்தினருக்குப் பில் அனுப்புவதும், வந்த பணத்தை வரவு வைப்பதும், அதன் கடற்கரை விடுதியிலிருந்து வரும் செலவு வவுச்சர்களைச் சரிபார்ப்பதும் என் வேலைகள். உப்புக் காற்று ஒரு கட்டடத்தை என்ன செய்யும் என்பதை நான் கடலைப் பார்த்து அறிந்துகொள்ளவில்லை. அந்த வவுச்சர்களைப் பார்த்தே அறிந்துகொண்டேன். ஏர்கானின் வெளிப்பெட்டியிலுள்ள அலுமினியத் தகடுகள் மாவாக உதிர்ந்துபோவதும், பால்கனிக் கம்பிகள் சாயத்துக்குள்ளேயே துருவேறுவதும், மெத்தைகள் பூஞ்சணம் பிடித்து லாரி லாரியாக வெளியேறுவதும், நீச்சல் குளத்து மோட்டார் காலத்துக்கு முந்தியே பழுதாவதும், லிஃப்டுக்குப் புதுக் கம்பிவடம் போடுவதும் எல்லாம் அங்கே காகிதமாக வந்து சேரும். இவற்றோடு அறை துடைப்போர், காவலாளர், தோட்டவேலைக்காரர் ஆகியோரின் சம்பளம், அவர்களுக்குச் செலுத்தும் சேமநிதி, மின்சாரம், தண்ணீர், தீக்காப்புறுதி, நிலவரி எல்லாம் சேரும். இறுதியில் நிர்வாகக் கம்பெனி தனக்கென எடுத்துக்கொள்ளும் ஊதியம் வரும். சில ஒப்பந்தங்களில் அவ்வூதியம் மொத்தச் செலவில் இத்தனை விழுக்காடு என்று எழுதப்பட்டிருக்கும். செலவு ஏற ஏற ஊதியமும் ஏறும் என்பதால், அத்தகைய நிர்வாகத்துக்குச் சிக்கனத்தில் ருசி ஏற்படுவதற்கு ஹேது கிடையாது. வாங்கப் போகிறவர் முதலில் தேட வேண்டிய ஷரத்துகளில் இது ஒன்று.

கூலி ஏறுவது நியாயமே. அதை ஒருவரும் குறை சொல்லலாகாது. தீபகற்பத்தில் 2013-இல் 900 வெள்ளியாக வகுக்கப்பெற்ற குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. கூட்டு வட்டி முறையில் பார்த்தால் அது வருஷத்துக்குச் சுமார் ஐந்தரை விழுக்காடு ஏற்றம். மனித உழைப்பையே பிரதானமாகக் கொண்ட ஒரு விடுதியின் செலவு அதே வேகத்தில் ஏறுமே தவிரக் குறையாது. ஆகவே வருஷச் சந்தா ஏறும் என்பதில் வியப்பில்லை. எவ்வளவு ஏறும், யார் ஏற்றுவார், ஏற்றுமுன் யாரைக் கேட்பார் என்பனவே கேள்விகள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பங்கின் கிரயம் 15,000 வெள்ளி, முதல் வருஷச் சந்தா 600 வெள்ளி, பாத்தியதை முப்பது வருஷம் என்று வைத்துக்கொள்வோம். சந்தா ஏறவே ஏறாது என்று நம்புகிறவருக்கு முப்பது வருஷத்துக்கு 18,000 வெள்ளி. அதுவே கிரயத்தை மிஞ்சிவிட்டது. வருஷத்துக்கு ஐந்து விழுக்காடு ஏறினால் மொத்தம் 39,860 வெள்ளியைத் தாண்டும். கடைசி வருஷத்துச் சந்தா மட்டும் ஏறக்குறைய 2,470 வெள்ளி. அப்போது கிரயமும் சந்தாவும் சேர்ந்து ஐம்பத்தைந்தாயிரத்தை நெருங்கும். வருஷந்தோறும் ஆறு இரவு தவறாமல் தங்குகிறவருக்கு ஓர் இரவுக்கு ஏறக்குறைய 305 வெள்ளி ஆகும். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் போகிறவருக்கு அதுவே 610 வெள்ளி. விற்பவரின் காகிதத்தில் 15,000 என்ற எண் கொட்டை எழுத்தில் இருக்கும். மற்றதெல்லாம் வாங்குகிறவர் தாமே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

இவ்வளவு சொல்லிவிட்டதனால், சந்தா குறைவாயிருக்கும் திட்டமே நல்ல திட்டம் என்று யாரேனும் கொண்டுவிட்டால் அது பெரும் பிசகாகும். இதனை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்முடைய பொந்தியான் வட்டாரத்துக் களிமண்ணிலும் கரிமண்ணிலும் பயிரிடுகிறவர்கள், பாரிட் என்று நாம் வழங்கும் வடிகால்களைத் தூர்வாரும் செலவை ஒரு வருஷம் மிச்சம் பிடித்தால் மறு வருஷம் அன்னாசிக் கன்றுகளின் வேர் அழுகுவதைக் கண்கூடாகக் காண்கிறார்கள். மிச்சம் பிடித்த சந்தாவின் கதியும் அதுவே. நான் வேலை பார்த்த இடத்தில், புதிய அங்கத்தினரைச் சேர்க்கும் ஆவலில், பல வருஷம் சந்தாவை ஏற்றாமலே வைத்திருந்தார்கள். விற்பனைப் பேச்சில் அது ஒரு பெரிய கவர்ச்சி. அந்தக் காலத்தில் பிற்காலப் பழுதுகளுக்கென ஒதுக்கும் நிதியில் ஒரு காசும் சேரவில்லை. 1997-இல் ஆசிய நாணய நெருக்கடி வந்தது. ரிங்கிட் சரிந்து, 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிவைக்கப்பட்டது. டாலரில் குறித்திருந்த பரிவர்த்தனைக் கட்டணங்கள் அங்கத்தினருக்கு எட்டாக்கனியாயின. வேலையிழந்தவர்கள் முதலில் நிறுத்தியது இந்தச் சந்தாவைத்தான். கூரை ஒழுகத் தொடங்கிற்று. ஒழுகும் அறையைப் பார்த்தவர்கள் அடுத்த வருஷம் சந்தா கட்டவில்லை. கட்டாதவரின் பங்கும் கட்டுகிறவரின் தலையில் விழுந்தது. அதனால் கட்டுகிறவரும் குறைந்தார். ஒரு விடுதி அழிவதற்குப் புயல் வேண்டியதில்லை என்பதை நான் வரவேட்டின் பக்கங்களிலேயே கண்டேன்.

இதிலே இன்னொரு நுட்பம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எளிதில் புலப்படாது. ஒரு விடுதியின் எல்லா வாரங்களும் ஒரே நாளில் விற்றுவிடுவதில்லை. விற்காத வாரங்களுக்கும் லிஃப்ட் ஓட வேண்டும், விளக்கு எரிய வேண்டும், காவலாள் நிற்க வேண்டும். அந்த வாரங்களுக்குரிய பராமரிப்புப் பங்கை யார் செலுத்துவது? தர்மகர்த்தா சாசனம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், விற்கும் வரையில் விடுதியைக் கட்டிய கம்பெனியே செலுத்த வேண்டும் என்று அதில் இருக்கும்; சில சாசனங்களில் அந்தக் கம்பெனி வரவுக்கு மிஞ்சிய செலவை மட்டும் ஈடுசெய்தால் போதும் என்றிருக்கும்; சிலவற்றில் இதைப் பற்றிப் பேச்சே இராது. பேச்சில்லாத இடத்தில், இன்னும் பிறக்காத அங்கத்தினரின் சுமையை இருக்கிற அங்கத்தினர் சுமக்கிறார் என்று கொள்ளலாம். அடுக்குமாடி வீடுகளின் விஷயத்தில் 2013-ஆம் ஆண்டின் ஸ்தராத்தா நிர்வாகச் சட்டம், பராமரிப்புக் கட்டணத்தில் பத்து விழுக்காட்டுக்குச் சமமான தொகையைத் தனிச் சேமநிதியாக ஒவ்வொரு வீட்டுக்காரரும் செலுத்த வேண்டும் என்று விதித்திருக்கிறது. விடுமுறைப் பங்குத் திட்டத்தின் தணிக்கைக் கணக்கிலும் அதற்கொப்பான ஓர் ஒதுக்கீடு இருக்கிறதா என்று பார்ப்பது, அறையின் ஜன்னல் வழியே கடல் தெரிகிறதா என்று பார்ப்பதைக் காட்டிலும் அவசியமானது.

வாங்குவதற்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். அப்படி வந்த ஒரு தம்பதியை இங்கே சொல்ல வேண்டும். கணவர் லாரிக் கம்பெனியில் போர்மேனாக இருந்து, ஐம்பத்தைந்து வயது நிறைந்து, ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கையில் வாங்கியிருந்தவர். அத்தகையோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இந்த விற்பனைக்காரர்களுக்கு எப்படியோ கிடைத்துவிடுகின்றன. பரிசு விழுந்திருக்கிறது, மனைவியோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அழைத்து, ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மாடியறையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள்.

"சந்தா ஒண்ணும் பெரிசில்லே அண்ணே, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி அறுபத்து நாலு காசுதானாம். ஒரு தே தாரேக் காசு" என்றார் அவர்.

நான் பதில் சொல்லுமுன் அந்த அம்மையார் கேட்டார்: "போகாத வருஷத்துக்கும் கட்டணுமா அண்ணே?"

"கட்டணும்மா. கட்டாவிட்டால் வட்டியும் சேரும்."

"நாம வருஷா வருஷம் எங்கேங்க போறோம்? தீபாவளிக்கு மகன் வீடு, தைப்பூசத்துக்குப் பத்துமலை. பள்ளி லீவுலதான் பேரப்பிள்ளைங்க வரும். பள்ளி லீவுல அங்கே ரூம் கிடைக்குமா?"

அவர் கேட்டதே கேள்வி. எல்லாரும் விரும்பும் வாரங்கள் பள்ளி விடுமுறை வாரங்களே. அவை உச்சப் பருவமென்று தனியே வகுக்கப்பட்டு, அதிகக் கிரயம் கொடுத்தவருக்கோ, பல மாதம் முந்திப் பதிவுசெய்தவருக்கோ கிடைக்கும். தாழ்ந்த பருவத்து வாரத்தை மலிவாக வாங்கினவரும் பராமரிப்புச் சந்தாவைப் பொறுத்தவரை உச்சப் பருவத்துக்காரருக்குச் சமமாகவே கட்டும் திட்டங்கள் உண்டு. ஏனென்றால் அறை அதே அறை, லிஃப்ட் அதே லிஃப்ட். மலிவாக வாங்கினோம் என்ற திருப்தி சந்தாவிடம் செல்லாது. அந்தத் தம்பதி வாங்கவில்லை. பேரப்பிள்ளைகள் வந்தபோது, இங்கிருந்து அரைமணிப் பயணத்திலுள்ள குக்குப்பில், கடல்மேல் கால்நட்டுக் கட்டிய வீடொன்றை மூன்று குடும்பமாகச் சேர்ந்து இரண்டு இரவுக்கு எடுத்துக்கொண்டு, மறுநாள் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியாகிய தஞ்சோங் பியாய்க்கும் போய்வந்ததாக அந்த அம்மையார் பிறகு சொன்னார்.

அதே சமயத்தில், வாங்கிப் பயனடைந்தவரும் என் வாடிக்கைக்காரருள் உண்டு. நாலு பிள்ளைகளைப் பெற்ற ஓர் உரக்கடைக்காரர், ஜனவரி மாதமே அந்த வருஷத்து விடுமுறையைப் பதிவு செய்துவிடுவார். சந்தா கட்டின பணம் வீணாகக் கூடாது என்ற எண்ணமே அவரைக் கடையைப் பூட்டவைத்தது; அவ்வாறு பூட்டாதிருந்தால் அந்தப் பிள்ளைகள் தகப்பனாருடன் கடலைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவருக்கு வருமானம் வருஷத்தோடு ஏறிற்று. ஆகையால் சந்தாவின் ஏற்றம் உறைக்கவில்லை. சேமநிதியை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிறவரின் வருமானமோ ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஏறுகின்ற செலவை ஏறாத வருமானத்தோடு முப்பது வருஷம் முடிச்சுப் போடுவதை, கேட்கிறவர் எவராயினும், நான் தடுத்தே வந்திருக்கிறேன்.

இனி, வாங்கிவிட்டு வெளியேற வழி தெரியாமல் நிற்போரைப் பற்றி. இந்தப் பங்குகளை மறுபடி விற்பதற்குச் சந்தை என்று சொல்லத்தக்கது கிடையாது. அதற்கு முக்கிய காரணமும் சந்தாதான், ஏனென்றால் வாங்குகிறவர் பங்கோடு கடமையையும் வாங்க வேண்டியிருக்கிறது. "உங்கள் பங்குக்கு ஆள் தயார், பத்திரச் செலவுக்கு முன்பணம் அனுப்புங்கள்" என்று தொலைபேசியில் பேசுவோரை நம்பிப் பணம் அனுப்பி இரண்டாம் முறை ஏமாந்தவர்கள் உண்டு. முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். பாக்கிக் கடிதம் வந்தால் ஒளியக் கூடாது. 1953-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடர ஆறு வருஷம் அவகாசம் உண்டு. ஆகையால் எந்த வருஷத்துப் பாக்கி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படி எழுத்தில் கேட்டுவிட்டு, அதன் நகலைத் தர்மகர்த்தா நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். வாக்களித்த வசதி இல்லையென்றால், ஐந்து வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப்போடலாம். தகப்பனார் இறந்த பின் பில் வந்துவிட்டதே என்று பிள்ளைகள் கலங்கி வருவார்கள். இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அடைபட வேண்டியதே தவிரப் பிள்ளைகளின் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அன்று; ஆனால் பெயர் மாற்றப் பாரத்தில் கையெழுத்திட்டு அங்கத்தினராகிவிட்டால் சந்தா அவர்களுடையதாகிவிடும். அந்தப் பாரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதே நான் அவர்களுக்குச் சொல்லும் முதல் வார்த்தை.

சென்ற வருஷம் சிங்கப்பூரில் வேலை செய்யும் இந்த ஊர்ப் பையன் ஒருவன், சனிக்கிழமை மாலை அங்கே ஒரு விடுமுறைப் பங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கடன் அட்டையில் முன்பணமும் கட்டிவிட்டு, மறுநாள் காலை தாயாரோடு என் வீட்டுக்கு வந்தான். வாங்கியது அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தாயார்தான் இழுத்து வந்திருந்தார். கிரயத்தைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. சந்தாவைப் பற்றிய ஷரத்தைத் தேடி எடுத்து, அதை உரக்கப் படிக்கச் சொன்னேன். நிர்வாகம் தன் விருப்பத்தின்படி எந்த வருஷமும் எந்த அளவிலும் கட்டணத்தைத் திருத்தி அமைக்கலாம் என்றும், அதற்கு அங்கத்தினரின் சம்மதம் தேவையில்லை என்றும் அதில் இருந்தது. உச்ச வரம்பு இல்லை. தணிக்கைக் கணக்கை அங்கத்தினருக்குக் காட்டும் கடமையும் இல்லை. விற்றவருக்குத் தொலைபேசியில் பேசி, கடந்த ஐந்து வருஷத்துச் சந்தா விகிதங்களை அனுப்பும்படி கேட்கச் சொன்னேன். "அதெல்லாம் அங்கத்தினரான பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

"அப்படின்னா வேண்டாம் ஐயா" என்றான் பையன்.

சிங்கப்பூரில் இத்தகைய ஒப்பந்தங்களை, சனி ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக ஐந்து நாளுக்குள் ரத்துச் செய்துகொள்ளப் பயனீட்டாளர் சட்டம் இடமளிக்கிறது. அன்று மத்தியானமே ரத்துக் கடிதத்தை எழுதி, ஒப்பந்த எண்ணும் தேதியும் குறித்து, மின்னஞ்சலில் ஒரு பிரதியை அனுப்பினோம். திங்கட்கிழமை விடியற்காலை பாலத்தைக் கடந்து போன அவன், வேலைக்குப் போகும் வழியில் தபால் நிலையம் திறக்கும் வரையில் காத்திருந்து, பதிவுத் தபாலில் மூலக் கடிதத்தைச் சேர்த்துவிட்டு, ரசீதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான்.